அசெரோலா பொடி: பழத்திலிருந்து புட்டி வரை வைட்டமின் சி-யைக் காப்பாற்றும் வேலை

அசெரோலாவை உலர்த்திப் பொடியாக்க யாராலும் முடியும். அந்தப் பொடிக்குள் வைட்டமின் சி எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதுதான் விஷயம். நல்ல சிவப்பு, நல்ல புளிப்பு, நல்ல மணம் எல்லாம் இருந்தும் சத்தில் பாதி காணாமல் போயிருக்கலாம். நாக்கை நம்ப முடியாது. இந்தப் பழத்தின் புளிப்பு பெரும்பாலும் மாலிக் அமிலத்திலிருந்து வருவது. வைட்டமின் சி போனாலும் புளிப்பு அப்படியே நிற்கும். அதனால் இந்த வேலையில் அளப்பதும் செய்முறையின் ஒரு பகுதி. சாறு எடுத்ததும் ஒரு முறை, சூடாக்கிய பின் ஒரு முறை, பொடியான பின் ஒரு முறை அளந்தால்தான் எந்த இடத்தில் இழக்கிறோம் என்று தெரியும்.

பார்படோஸ் செர்ரி, மேற்கிந்தியச் செர்ரி என்றும் இதைச் சொல்வார்கள். மால்பீகியா எமார்ஜினேட்டா என்பது தாவரவியல் பெயர். கடையில் டப்பாவில் வரும் செர்ரிக்கும் இதற்கும் உறவு கிடையாது, குடும்பமே வேறு. தெற்கு மெக்சிகோ, நடு அமெரிக்கா, கரீபியத் தீவுகள், தென் அமெரிக்காவின் வடபகுதி ஆகியவை இதன் தாயகம். இன்று அதிகம் பயிரிடும் நாடு பிரேசில். இதில் வைட்டமின் சி அசாதாரணமாக உள்ளது என்ற ஆய்வு 1946இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வெளிவந்தது. பழுத்த பழத்தில் 100 கிராமுக்குச் சுமார் 1,680 மி.கி. என்பது அமெரிக்க வேளாண் துறையின் உணவுச் சத்து அட்டவணைக் கணக்கு. ரகத்தையும் முதிர்ச்சியையும் பொறுத்து 1,000 முதல் 4,000 மி.கி.க்கு மேல் வரை மாறும்.

எந்தப் பழம்

காய், செங்காய், பழம் என்று மூன்று நிலை. வைட்டமின் சி பச்சைக் காயில்தான் மிக அதிகம். பழுக்கப் பழுக்கக் குறைகிறது. தொழிற்சாலைகள் பொடிக்குக் காயாகவே பறிப்பதற்குக் காரணம் இதுதான். வீட்டு அளவில் முழுப் பச்சையாகப் பறித்தால் துவர்ப்பு தாங்காது, சாறும் குறைவு. மஞ்சளிலிருந்து சிவப்பு ஏறத் தொடங்கும் செங்காய்தான் என் தேர்வு. சத்தும் சாறும் அந்த நிலையில் நன்றாக ஒத்துப்போகின்றன. அளவெடுக்கும்போது நிறம் குறுக்கே வராமல் இருப்பது கூடுதல் வசதி.

பறித்த பழம் அறை வெப்பத்தில் இரண்டு மூன்று நாள்கூடத் தாங்காது. தோல் மெல்லியது, லேசாக நசுங்கினாலே அந்த இடத்தில் ஆக்சிசனேற்றம் தொடங்கிவிடும். காலையில் பறித்து அன்றே சாறெடுக்க வேண்டும். முடியாவிட்டால் கழுவி, ஈரம் துடைத்து, ஒற்றை அடுக்காகப் பரப்பி ஃப்ரீசரில் உறைய வைத்து, பிறகு காற்று நீக்கிப் பையில் மூடலாம். உறைந்த பழத்தின் செல்கள் உடைந்திருப்பதால் சாறு எளிதாக வரும். அதே காரணத்தால் உருகிய பின் சத்தும் வேகமாகப் போகும். பையைத் திறக்காமலே குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து உருக்கி, பாதி பனிக்கட்டியாக இருக்கும்போதே பிழிய ஆரம்பித்துவிடுங்கள்.

அளவுக் கரைசல் முதலில்

வைட்டமின் சி-யை அளக்க அயோடின் கரைசல் வேண்டும். பழம் வருவதற்கு முன்பே இதைத் தயார் செய்து வையுங்கள். பழம் வந்த பிறகு இதற்கு நேரமிருக்காது.

மருந்துக் கடையில் கிடைக்கும் 10 சதவீத போவிடோன் அயோடின் கரைசல் போதும். சோப்பு நுரை வரும் ‘ஸ்க்ரப்’ வகையும் களிம்பும் உதவாது. சாதாரணக் கரைசல்தான் வேண்டும். அதில் மி.லி.க்குச் சுமார் 10 மி.கி. அயோடின் கிடைக்கும். 1 மூலக்கூறு அயோடின் 1 மூலக்கூறு வைட்டமின் சி-யோடு வினைபுரிகிறது. எடைக் கணக்கில் 253.8-க்கு 176.1. கரைசல் 10 மி.லி.யை வாலை வடிநீரில் 100 மி.லி.யாக்கினால், அதன் ஒரு மி.லி. சுமார் 0.69 மி.கி. வைட்டமின் சி-க்குச் சமம்.

‘சுமார்’ என்பதை அப்படியே விட்டுவிடக் கூடாது. புட்டி திறந்து நாளானால் அயோடினின் வலிமை குறையும். தூய அஸ்கார்பிக் அமிலம் 1.00 கிராமை 1 லிட்டர் வாலை வடிநீரில் கரைத்து, மி.லி.க்கு 1 மி.கி. உள்ள ஒப்பீட்டுக் கரைசல் செய்துகொள்ளுங்கள். 0.1 கிராமை 100 மி.லி.யில் கரைத்தாலும் இதே அடர்த்திதான். ஆனால் 0.01 கிராம் வரை காட்டும் தராசில் 0.1 கிராமை நிறுத்தால் பிழை 10 சதவீதம் வரை போகும். 1 கிராமில் அது 1 சதவீதம். சப்பிச் சாப்பிடும் வைட்டமின் சி மாத்திரையை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அவற்றில் பலவற்றில் சோடியம் அஸ்கார்பேட்டும் சர்க்கரையும் கலந்திருக்கும். ஒப்பீட்டுக் கரைசலை அன்றன்றே செய்ய வேண்டும், ஒரு இரவு வைத்தாலே அளவு இறங்கிவிடும்.

ஸ்டார்ச் கரைசலுக்கு 1 கிராம் கார்ன்ஃபிளவரைச் சிறிது குளிர்ந்த நீரில் குழைத்து, கொதிக்கும் நீரில் ஊற்றி 100 மி.லி.யாக்கி ஆறவிடுங்கள்.

அளக்கும் முறை: ஒப்பீட்டுக் கரைசல் 5 மி.லி., வாலை வடிநீர் 20 மி.லி., ஸ்டார்ச் 10 துளி ஆகியவற்றை ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து, கீழே வெள்ளைத் தாள் வையுங்கள். 10 மி.லி. சிரிஞ்சில் அயோடினை எடுத்து, ஆட்டிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விடுங்கள். வைட்டமின் சி தீரும்வரை ஒவ்வொரு துளியிலும் நீலம் தோன்றி மறையும். 20 விநாடி மறையாமல் நின்றால் அதுவே முடிவு. 7.2 மி.லி. செலவானால், 5-ஐ 7.2-ஆல் வகுக்க 0.694 கிடைக்கும். அதுதான் அன்றைய காரணி, அதாவது ஒரு மி.லி. அயோடினுக்குச் சமமான வைட்டமின் சி-யின் மி.கி. அளவு. மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். மூன்றும் 0.2 மி.லி.க்கு மேல் விலகினால் ஆட்டுவது போதவில்லை, அல்லது துளிகள் பெரிதாக விழுகின்றன.

சாறென்றால் 10 கிராமை 2 சதவீத சிட்ரிக் அமில நீரில் 100 மி.லி.யாக்கி, அதிலிருந்து 5 மி.லி. எடுத்து அளக்கலாம். செலவான அயோடின் 10.8 மி.லி. என்றால் 0.694-ஆல் பெருக்க 7.5 மி.கி.; அது அரை கிராம் சாற்றிலுள்ள அளவு. எனவே 100 கிராமுக்கு 1,500 மி.கி. சிட்ரிக் அமிலம் அயோடினோடு வினைபுரியாது. அளக்கும் நேரத்தில் வைட்டமின் சி சிதையாமல் பார்த்துக்கொள்ளும்.

இந்த முறைக்கு எல்லைகள் உண்டு. பழத்தின் பாலிஃபீனால்களும் மெதுவாக அயோடினை எடுத்துக்கொள்ளும். அதனால் குளிர்ந்த கரைசலில் வேகமாக முடிக்க வேண்டும். நீலம் நின்று ஒரு நிமிடம் கழித்து மங்கினால் கூடுதல் துளி விடக் கூடாது. சல்ஃபைட் சேர்த்துப் பதப்படுத்திய கூழை இப்படி அளந்தால் எண் பொய்யாக உயரும். மறுபக்கம், ஆக்சிசனேற்றத்தின் முதல் படியில் உருவாகும் டீஹைட்ரோஅஸ்கார்பிக் அமிலம் உடலுக்குப் பயன்படும், ஆனால் அயோடின் அதைக் காணாது. இழப்பை ஒப்பிட்டுப் பார்க்க இந்த முறை போதும். விற்பனை லேபிளில் அச்சிட ஆய்வகச் சோதனைதான் வேண்டும். அளந்த மிச்சத்தை யாரும் குடித்துவிடாமல் உடனே கொட்டிவிடுங்கள்.

சாறு

பாத்திரம் எவர்சில்வர், கண்ணாடி, உணவுத்தரப் பிளாஸ்டிக் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கட்டும். செம்பு, பித்தளை, வெள்ளீயம் போன பழைய பாத்திரம், துருப்பிடித்த சல்லடை எதுவும் கிட்டே வரக் கூடாது. செம்பு, இரும்பு அயனிகள் நுண்ணளவில் இருந்தாலே வைட்டமின் சி-யின் ஆக்சிசனேற்றம் பல மடங்கு வேகமெடுக்கும். புதிதாக இதில் இறங்குகிறவர்கள் பலர் வெப்பத்தைப் பற்றிக் கவலைப்படுவார்கள், பாத்திரத்தைப் பார்க்க மாட்டார்கள்.

மிக்ஸியில் அடிக்க வேண்டாம். அடிப்பது சாற்றுக்குள் காற்றைப் புகுத்தும். கூடவே மூன்று விதைகளும் நொறுங்கித் துவர்ப்பும் கசப்பும் இறங்கும். பழத்தைக் கையால் அல்லது மரக்கட்டையால் நசுக்கி, 2 மி.மீ. துளையுள்ள சல்லடையில் தேய்த்து எடுப்பதே சரி. 1 கிலோ பழத்தில் விதையும் காம்பும் சுமார் 200 கிராம் போகும். தோலில் ஒட்டுவதும் சல்லடையில் தங்குவதும் போக 600 கிராம் கூழ் கிடைத்தால் நல்ல விளைச்சல். சக்கையில் தண்ணீர் ஊற்றி இரண்டாம் முறை பிழிய ஆசை வரும். அந்த நீரையும் பின்னால் நீங்கள்தான் ஆவியாக்க வேண்டும். உலரும் நேரம் கூடி, லாபம் கரைந்துவிடும்.

அடுத்தது நொதிகளை அடக்குவது. சூடாக்கினால் வைட்டமின் சி போகாதா என்ற கேள்வி நியாயமானது. போகும், ஆனால் கொஞ்சம்தான். சூடாக்காமல் விட்டால் அடுத்த பல மணி நேரம் வெதுவெதுப்பான உலர்த்திக்குள் நொதிகள் வேலை செய்து அதைவிட அதிகம் தின்றுவிடும். அகலப் பாத்திரத்தில் 2 செ.மீ. உயரத்துக்கு மேல் போகாமல் கூழை ஊற்றி, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து, மெதுவாகக் கிளறி 85 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். ஒரு நிமிடம் நிறுத்தி, உடனே பனிக்கட்டி நீரில் இறக்கி 5 நிமிடத்துக்குள் 20 டிகிரிக்குக் கீழே கொண்டுபோங்கள். ஆறுவதற்கு மேடையில் வைத்துவிட்டுப் போவதுதான் இந்தக் கட்டத்தின் பெரிய தவறு. 60, 50 டிகிரியில் அரை மணி நேரம் நிற்கும் கூழ், 85 டிகிரியில் ஒரு நிமிடம் நின்றதைவிட அதிகம் இழக்கும். ஆறியதும் அளந்து பாருங்கள். பச்சைச் சாற்றின் எண்ணிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால், குளிர்விப்பது மெதுவாக நடந்திருக்கிறது அல்லது பாத்திரம் சரியில்லை.

மால்டோடெக்ஸ்ட்ரின் எதற்கு

அசெரோலா கூழை அப்படியே உலர்த்தினால் பொடி வராது, பிசின் வரும். அதிலுள்ள குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ், மாலிக் அமிலம் எல்லாமே உலர்ந்த நிலையிலும் அறை வெப்பத்தில் இளகும் தன்மை கொண்டவை. உலர்த்திக்குள் தோல் போலத் தெரியும். வெளியே எடுத்தால் விரலில் ஒட்டும். அரைத்தால் மிக்ஸியின் அடியில் உருண்டையாகிவிடும். இளகும் வெப்பநிலையை உயர்த்தவே ஸ்டார்ச்சிலிருந்து செய்யும் மால்டோடெக்ஸ்ட்ரின் மாவு. டி.இ. என்பது ஸ்டார்ச் எவ்வளவு தூரம் சர்க்கரையாக உடைந்திருக்கிறது என்பதைக் காட்டும் எண். டி.இ. 10 வகை ஏற்றது, டி.இ. 20 அதிகம் ஈரம் இழுக்கும். கருவேல இனத்துப் பிசினான கம் அரபிக்கும் நன்றாக வேலை செய்யும், கரைய நேரமெடுக்கும்.

அளவைப் பழத்தின் எடையை வைத்துப் போடக் கூடாது. கரைந்த திடப்பொருளைச் சதவீதத்தில் காட்டும் பிரிக்ஸ் மீட்டரில் பார்க்க வேண்டும். 600 கிராம் கூழ் 7.5 பிரிக்ஸ் காட்டினால், கரைந்த திடப்பொருள் 45 கிராம். காற்றில் உலர்த்துவதானால் அதே அளவு, அதாவது 45 கிராம் மால்டோடெக்ஸ்ட்ரின். உறைய வைத்து வெற்றிடத்தில் உலர்த்தும் ஃப்ரீஸ் டிரையர் இருந்தால் 30 கிராம் போதும். குளிர்ந்த கூழில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கைக்கரண்டியால் கலக்கி, அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் கட்டிகள் தானாகக் கரையும்.

உலர்த்தல்

வெயில் வேண்டாம். ஒளி, காற்று, நீண்ட நேரம் மூன்றும் சேர்ந்து தாக்கும். சிவப்பு நிறமும் வைட்டமின் சி-யும் ஒன்றையொன்று சிதைத்துக்கொள்ளும்.

சூடான காற்றில் உலர்த்தும் டீஹைட்ரேட்டரில் சிலிக்கான் தாள் மேல் 3 மி.மீ. கனத்தில் பரப்ப வேண்டும். மேலே சொன்ன கலவைக்கு 30-க்கு 35 செ.மீ. தட்டு இரண்டு சரியாக இருக்கும். முதல் இரண்டு மணி நேரம் 60 டிகிரி. மேற்பரப்பு ஈரமாக இருக்கும்வரை ஆவியாதல் கூழைக் குளிர வைத்திருக்கும். காற்று 60 என்றாலும் கூழ் அந்த வெப்பத்தை எட்டாது. மேலே தோல் படியத் தொடங்கியதும் 48-50 டிகிரிக்கு இறக்குங்கள். அப்போதிருந்து கூழும் காற்றும் ஒரே வெப்பம். மூன்றாம் மணியில் தாளிலிருந்து உரித்துத் திருப்பிப் போட்டால் நேரம் மிச்சமாகும். மொத்தம் 7 முதல் 10 மணி நேரம் ஆகலாம். அறையின் ஈரப்பதம்தான் தீர்மானிக்கும்.

முடிந்ததா என்று சூடாக இருக்கும்போது பார்க்காதீர்கள். சூட்டில் எல்லாமே வளையும். ஒரு துண்டை மூடிய புட்டியில் போட்டு 5 நிமிடம் ஆறவைத்து மடித்துப் பாருங்கள். சத்தத்தோடு உடைய வேண்டும். வளைந்தால் இன்னும் ஒரு மணி நேரம். ஓரம் உடைந்து நடு வளைந்தால் பரப்பிய கனம் சீராக இல்லை.

ஃப்ரீஸ் டிரையரில் இழப்பு மிகக் குறைவு. இரண்டும் கையில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். தட்டில் 8 மி.மீ.க்கு மேல் ஊற்றாமல், மைனஸ் 30 டிகிரிக்குக் கீழே முழு இரவும் உறைய வைத்து ஏற்றுங்கள். கடைசிக் கட்டத்தில் தட்டின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்ட வேண்டாம். நடுவில் நுரைத்து எழும்பிப் பாகு போலச் சரிந்திருந்தால், சர்க்கரையும் அமிலமும் உறைந்து முடியுமுன் வெற்றிடம் போட்டிருக்கிறீர்கள், அல்லது தட்டைச் சூடேற்றுவதில் அவசரப்பட்டிருக்கிறீர்கள். சரிந்த தட்டைத் திரும்ப உறைய வைத்துக் காப்பாற்ற முடியாது. அதை டீஹைட்ரேட்டருக்கு மாற்றி முடித்துவிடுவது நல்லது.

அரைத்தல், அடைத்தல்

ஈரமான நாளில் அரைக்காதீர்கள். அறையின் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நிம்மதி. தகடுகளைச் சிலிக்கா ஜெல் உள்ள புட்டியில் ஆறவைத்து, மிக்ஸியில் 5 விநாடி ஓட்டி, 20 விநாடி நிறுத்தி, மறுபடி ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் பிளேடின் சூட்டில் பொடி இளகி ஒட்டும். தகடுகளை ஃப்ரீசரில் வைத்து மொறுமொறுப்பாக்கி அரைக்கலாமே என்று தோன்றும். குளிர்ந்த தகடு திறந்த நொடியில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பிறகு ஒட்டாமல் அரைக்கவே முடியாது.

30 கிராம் பிடிக்கும் சிறிய பழுப்புக் கண்ணாடிப் புட்டிகளில் கழுத்து வரை அடைத்து, ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடுங்கள். ஒரே பெரிய புட்டி என்றால் தினமும் திறந்து மூடுவதில் முழுப் பொடியும் ஈரம் வாங்கும். ஆக்சிசன் உறிஞ்சிப் பொட்டலத்தைச் சிலிக்கா ஜெல்லோடு சேர்த்துப் போடுவதால் பெரிய பயன் இல்லை. இரும்புத்தூள் வகை வேலை செய்யக் கொஞ்சம் ஈரம் வேண்டும், அந்த ஈரத்தைச் சிலிக்கா ஜெல் பறித்துவிடும். பயன்படுத்தும் புட்டி போக மற்றவை ஃப்ரீசருக்கு. வெளியே எடுத்தால் முழுமையாக அறை வெப்பத்துக்கு வந்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

இளஞ்சிவப்பு மெல்லப் பழுப்பாக மாறினால் வைட்டமின் சி சிதைகிறது என்று அர்த்தம்; அதன் சிதைவுப் பொருள்களே பழுப்பு நிறத்தைத் தருகின்றன. கட்டிபிடிப்பது அதற்கு முந்தைய எச்சரிக்கை.

பொடியில் எவ்வளவு

பொடி 1 கிராமை 2 சதவீத சிட்ரிக் அமில நீரில் 100 மி.லி.யாக்கி 10 மி.லி. எடுத்து அளங்கள். மால்டோடெக்ஸ்ட்ரின் இருப்பதால் முடிவு நிறம் தெளிந்த நீலமாக இல்லாமல் கொஞ்சம் ஊதாவாகத் தோன்றலாம். அது பிழை அல்ல.

என்ன எதிர்பார்க்கலாம்? 600 கிராம் கூழில், 100 கிராமுக்கு 1,500 மி.கி. வீதம், 9 கிராம் வைட்டமின் சி. வழி முழுவதும் 30 சதவீதம் போனால் மிச்சம் 6.3 கிராம். பொடியின் எடை 45, 45, அதோடு எஞ்சிய ஈரம் சேர்த்துச் சுமார் 95 கிராம். எனவே 6.6 சதவீதம்; ஒரு கிராம் பொடியில் 66 மி.கி.

கடையில் 17, 25, 32 சதவீதம் என்று விற்பதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். பழுத்த அசெரோலாவில் 100 கிராமுக்குத் திடப்பொருளே 8.6 கிராம்தான், அதில் வைட்டமின் சி 1.68 கிராம். ஒரு துளியும் இழக்காமல், எதையும் சேர்க்காமல் உலர்த்தினாலும் 20 சதவீதத்தைத் தொடாது. 25 வேண்டுமானால் பச்சைக் காயிலிருந்து எடுக்க வேண்டும், அல்லது நொதிக்க வைத்துச் சர்க்கரையை நீக்க வேண்டும். மூன்றாவது வழி செயற்கை அஸ்கார்பிக் அமிலத்தைக் கலப்பது. மூலக்கூறு ஒன்றேயானதால் மேலே சொன்ன அயோடின் அளவீட்டில் (டைட்ரேஷன்) இந்தக் கலப்படம் பிடிபடாது. மக்காச்சோளக் குளுக்கோசிலிருந்து செய்ததென்றால் கார்பன் ஐசோடோப்பு விகிதம் காட்டிக்கொடுக்கும். உடலுக்குக் கிடைப்பதிலும் இயற்கைக்கும் செயற்கைக்கும் மனிதர்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. வைட்டமினோடு பழத்தின் பிற சத்துகளும் வேண்டும் என்பவர்களுக்கே இந்த உழைப்பு பொருந்தும்.

லேபிளில் ‘அசெரோலா 500 மி.கி.’ என்று மட்டும் இருந்தால் அது பொடியின் எடை. 17 சதவீதப் பொடியில் அது 85 மி.கி. வைட்டமின் சி.

பெரியவர்களுக்கு அமெரிக்கப் பரிந்துரை நாளுக்கு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 75 மி.கி.; புகைப்பவர்களுக்குக் கூடுதலாக 35; உச்ச வரம்பு 2,000. மேலே சொன்ன பொடியில் 1.25 கிராம் சுமார் 82 மி.கி. தரும். கரண்டிக் கணக்கு வேண்டாம், தராசில் நிறுங்கள். பொடியின் அடர்த்தி அரைப்புக்கு அரைப்பு மாறும். காப்சூலில் அடைப்பதானால் ‘0’ அளவில் அரை கிராம் வரைதான் பிடிக்கும், அதாவது 30 மி.கி. சுற்றி, மூன்று விழுங்க வேண்டியிருக்கும். ஆறிய நீரிலோ மோரிலோ கலக்கியதும் குடித்துவிடலாம். கலக்கிப் புட்டியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பருகினால் புட்டிக்குள் காப்பாற்றியதைத் தண்ணீரில் இழப்பீர்கள்.

சிறுநீரகக் கல், இரும்புச் சத்து மிகையாகச் சேரும் நோய், ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைபாடு உள்ளவர்கள் அதிக அளவு எடுப்பதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்களும் கவனிக்க வேண்டும். அசெரோலாவிலும் அதையொத்த புரதம் உண்டு. அதிக அளவு வைட்டமின் சி சில குளுக்கோஸ் மீட்டர்களில் தவறான எண்ணைக் காட்டும்.

ஒவ்வொரு புட்டியிலும் அடைத்த தேதியையும் அன்று அளந்த சதவீதத்தையும் எழுதி ஒட்டுங்கள். மாதம் ஒரு முறை ஒரு கிராம் எடுத்து மறுபடி அளந்து, புது எண்ணுக்கு ஏற்ப எடுக்கும் அளவை மாற்றுங்கள். முதல் அளவின் பாதிக்குக் கீழே போன புட்டியைப் புளிப்புக்காகச் சமையலில் போட்டுத் தீர்த்துவிடலாம்.